இடது கட்டை

ஜனவரி 6, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு. விருப்பத்தில் இல்லை, டூரிட்டின் உத்தரவு. டூரிட் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறவர். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, வயது அறுபத்தேழு. மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு போகும்போது மூச்சு வாங்காமல் பேசுவார். "எழுதி வைத்துச் செய்தால் அது பயிற்சி, எழுதாமல் செய்தால் உலாத்தல்" என்றார். ஒரு கொப்பியும் தந்தார்.

ஆகவே முதலில் என் விபரம். குகதாசன், வயது ஐம்பத்தைந்து, தொண்ணூற்று நான்கு கிலோ, ஒஸ்லோவில் பஸ் சாரதி. தமிழ்ச் சங்க ஆண்டுமலரில் வருடம் தவறாமல் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அதை வாசித்ததாக இதுவரை இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பிழை திருத்துபவர், இன்னொருவர் நான்.

மார்ச் 22ஆம் திகதி, நாட்டின் வடகோடியில், ஒரு குன்றின் மேல் ஏழு கிலோமீற்றர் பனியில் சறுக்கிக்கொண்டு போகவேண்டும். வெறுங்கையாக இல்லை. இடுப்பில் ஒரு சறுக்குத் தொட்டியைக் கட்டி, அதற்குள் பவளராணியை உட்கார வைத்து இழுத்துப் போகவேண்டும். ராணி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். இரண்டு முழங்காலும் பழுது. மோட்டார் வண்டியில் அந்தக் குன்றில் ஏற அனுமதி கிடையாது. அவளுடைய அண்ணன் தயாபரன் இறந்த இடத்தை ஒருமுறை பார்க்கவேண்டுமாம்.

"நீங்கள்தானே அண்ணா கடைசியா அவனோட நிண்டனீங்கள்" என்று தொலைபேசியில் சொன்னாள். "அங்க வச்சு எல்லாத்தையும் ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்கு நேரில கேக்கவேணும்."

சொல்வதில் என்ன கஷ்டம்? முப்பத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். 1989 பெப்ரவரி. தயாபரனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பொலிஸ் வந்து பிடிக்கும் முன் குன்றைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனால் ஒரு மீனவர் ஒளித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். போகும் வழியில் விழுந்து தயாபரனின் முழங்கால் திரும்பிவிட்டது. தன் சறுக்குக் கட்டையைக் கழற்றி என்னிடம் தந்து, "நீ போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா" என்றான். வந்தேன். எங்கள் பெடியன்களோடு திரும்பிப் போவதற்குள் பனிப்புயல். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தான். வழியில் ஒரு வீடும் கிடையாது.

கதை அவ்வளவுதான்.

ஜனவரி 11, சனி

இன்று என்னைப் பின்னால் இருந்து படம் பிடித்துக் காட்டினார் டூரிட். கல்யாண வீடியோவுக்குப் பிறகு நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வலது கட்டையில் நின்று நீளமாக வழுக்குகிறேன். இடது கட்டையில் கால் படுகிறதோ இல்லையோ, சூட்டடுப்பில் மிதித்தவன் மாதிரி எடுத்துவிடுகிறேன். டூரிட் நிறுத்தற்கடிகாரத்தால் அளந்தார். வலதில் ஒன்றரை விநாடி. இடதில் அரை.

"உன் உடம்பு இடது காலில் ஏறவே இல்லை. அந்தக் கால் சும்மா கூட வருகிறது, டிக்கெட் எடுக்காத பிரயாணி மாதிரி" என்றார். பஸ்காரனிடம் இப்படிச் சொன்னால் சுடும் என்று தெரிந்தே சொல்கிறார்.

இன்னொன்றும் காட்டினார். ஒவ்வொரு எட்டுக்கும் என் முகம் இடது பக்கம் திரும்புகிறது. இடது முழங்கை வெளியே தள்ளி நிற்கிறது, பக்கத்தில் ஒருவரின் தோளில் போட்டிருப்பதுபோல.

"அங்கே யார்?" என்று கேட்டார்.

பஸ்ஸில் கண்ணாடி பார்த்த பழக்கம் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குத்தான் தெரியும், அந்தப் பக்கத்தில் ஒற்றைக் கட்டை பனியில் உரசும் சத்தம் கேட்கும். நடுநடுவே ஒரு சப்பாத்துக் காலால் உந்தும் சத்தமும்.

ஜனவரி 19, ஞாயிறு

வீட்டுப்பாடம்: இடது காலில் நின்றபடி பல் துலக்குவது. கண்ணை மூடிக்கொண்டு. இன்று குளியலறை அலமாரி, மனைவி வதனியின் முகப்பூச்சுப் போத்தல்கள் ஆறு, என் கௌரவம், எல்லாம் ஒன்றாக விழுந்தன.

"இஞ்சாருங்கோப்பா, முப்பது வருசமா ரெண்டு காலில நிண்டே ஒழுங்கா ஒரு வேலை செய்யேல்ல. இப்ப ஒரு காலோ?" என்றாள் வதனி.

சங்கச் செயலாளர் எண்ணாயிரம் குரோணருக்குச் சறுக்கு உடுப்பு வாங்கியிருக்கிறாராம். இறுக்கமான நீலம். அதைப் போட்டுக்கொண்டு கோப்பிக்கடை வரைக்கும் போய், கோப்பி குடித்து, படம் எடுத்து, கழற்றிவிட்டு வந்தாராம். பொறாமையில் சொல்லவில்லை. நானாக இருந்தால் வடையும் சாப்பிட்டிருப்பேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்றிரவும் நித்திரையில் கட்டில் தலைமாட்டைத் தட்டினேனாம். வதனி சொல்கிறாள், மூன்று தட்டு, பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று.

பெப்ரவரி 2, ஞாயிறு

டூரிட் வலது கட்டையைக் கழற்றச் சொன்னார். இடது காலில் மட்டும் கட்டை, வலது காலால் நிலத்தை உந்திக்கொண்டு போகவேண்டும், பிள்ளைகள் தள்ளுவண்டி ஓட்டுவது மாதிரி. பலவீனமான பக்கத்தைத் தனியே விட்டால்தான் அது வேலை பழகுமாம்.

முடியவில்லை. பயம் என்று எழுதினால் டூரிட் பார்த்துவிடுவார் (தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்துவிடுவார்). கட்டையைப் பூட்டினேன். நிமிர்ந்தேன். அதற்கு மேல் உடம்பு வரவில்லை.

"எங்கே பழகினாய் சறுக்க?" என்றார்.

சொன்னேன். வடக்கே ஹவ்நெஸ் என்ற மீன்பிடிக் கிராமம். அங்கே மீன் தொழிற்சாலையில் நாங்கள் ஏழு தமிழர். எனக்குப் பத்தொன்பது வயது, தயாபரனுக்கு இருபது. மேற்பார்வையாளர் ஒரு பழைய சோடிக் கட்டை தந்தார். ஆள் இரண்டு, சோடி ஒன்று. யார் முதலில் போடுவது என்று சண்டை பிடித்து, கடைசியில் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டோம். எனக்கு வலது. அவனுக்கு இடது. தடியும் அப்படியே. ஆளை ஆள் தோளில் பிடித்துக்கொண்டு, கட்டை போட்ட காலில் வழுக்கி, மற்றக் காலால் உந்தி, ஊர் முழுக்கச் சுற்றுவோம். இப்படித்தான் சறுக்குவது என்று ஒரு மாதம் உண்மையாகவே நம்பியிருந்தோம். ஹவ்நெஸ் சனம் வாசலில் வந்து நின்று பார்க்கும். அந்தக் கிராமத்துக்கு அந்த வருடம் வந்த ஒரே சர்க்கஸ் நாங்கள்தான்.

டூரிட் சிரிக்கவில்லை.

"அப்படியானால் நீ பாதி மனிதனாகத்தான் பழகியிருக்கிறாய்" என்றார். "இனி மற்றப் பாதியைப் பழகு."

மற்றப் பாதி அவனுடையது என்று நான் சொல்லவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

முதல் இழுவை. தொட்டியில் இருந்து இரண்டு கம்பிகள் நீண்டு வந்து இடுப்புப் பட்டியில் பூட்டும். ராணிக்குப் பதிலாக இருபது கிலோ அரிசி மூட்டை மூன்று ஏற்றினேன். இடது காலில் நிற்காமல் நான் அவசரப்படும் ஒவ்வொரு தடவையும் தொட்டி இடப்பக்கம் இழுபட்டது. நூறு மீற்றர் போவதற்குள் தடத்தை விட்டு இறங்கி, புதரில் கவிழ்ந்தது. அரிசிக்கு முதலுதவி செய்தேன்.

"அவளை இப்படித்தான் இழுக்கப் போகிறாயா?" என்றார் டூரிட். "உன் பிழை உன்னோடு நின்றால் பரவாயில்லை. பின்னால் இருப்பவரையும் அது பள்ளத்தில் தள்ளும்."

பின்னேரம் தொலைபேசி அடித்தபடியே இருந்தது. யாரோ பார்த்திருக்கிறார்கள். குகதாசன் பஸ் வேலை போய், காட்டுக்குள் வீடு வீடாக அரிசி விற்கிறாராம். இன்னொரு செய்தி: வதனி மூட்டை முடிச்சோடு துரத்திவிட்டாளாம். இரண்டாவதை வதனி மறுக்கவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஓய்வு நேரத்தில் கோப்பி. டூரிட் இளமையில் இரண்டு வருடம் வடக்கே படிப்பித்தவராம். நான் வழக்கமான கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். நோர்வேக்காரர் கதை கேட்டு அழமாட்டார்கள், வரைபடம் கேட்பார்கள்.

"குன்றிலிருந்து இறங்கினால் கிராமம் எவ்வளவு தூரம்?"

"இரண்டு கிலோமீற்றர்."

"நடுவில் வீடு?"

"கிடையாது."

"விசித்திரம்" என்றார். "அந்தப் பக்கமெல்லாம் குன்றின் அடியில் ஒரு வீடாவது கட்டாயம் இருக்கும். ஆடு வைத்திருப்பார்கள்."

அரிசி மூட்டையில் ஓட்டை இருக்கிறது, பார்க்கவேண்டும் என்று எழும்பினேன். ஓட்டை இருக்கவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

தயாபரன் போன நாள். பஸ் ஓட்டினேன். 
வீட்டுக்கு மஞ்சள் சாயம் அடிப்பவர்களைச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று வந்தது. எப்படி என்று தெரியாது. டூரிட் பின்னால் இருந்து, "நில், நில், இன்னும் நில்" என்று கத்திக்கொண்டே வந்தார். இடது கட்டையின் மேல் மூக்கு, முழங்கால், பெருவிரல் மூன்றும் ஒரே கோட்டில் வந்தன. உடம்பு முழுவதும் அந்தக் கட்டையில் ஏறி நின்றது. கட்டை என்னைத் தாங்கிக்கொண்டு போனது. ஒரு விநாடி. ஒன்றேகால். தொட்டியும் நேராக வந்தது.

சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். இடப்பக்கம் சத்தம் நின்றுவிட்டது. உரசல் இல்லை, உந்தல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருடமும் சத்தத்துக்குப் பயந்தவன், இன்று சத்தமில்லாததற்குப் பயந்து நடுக்காட்டில் நின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

சரி. டூரிட்டுக்குத் தமிழ் தெரியாது. வதனி என் கையெழுத்தை வாசிக்கமாட்டாள்.

வீடு இருந்தது. குன்றின் அடியில், மஞ்சள் வீடு. யன்னலில் வெளிச்சம். ஒரு பெண் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றாள். முற்றத்தில் படங்கு போர்த்திய பனி மோட்டார் வண்டி. நான் வேலியில் கை வைத்து நின்றேன். தட்டவில்லை. தட்டினால் அவர்கள் பொலிசுக்குச் சொல்வார்கள், தயாபரனைப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் எங்கள் பெடியன்களிடம் ஓடினேன். அவனைக் காப்பாற்றத்தான்.

இதையே ராணியிடம் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15, சனி

கடைசிப் படப்பிடிப்பு. வலது ஒன்றேகால் விநாடி, இடதும் ஒன்றேகால். டூரிட் கைதட்டினார். பக்கத்தில் போன நாயும் நின்று பார்த்தது.

மார்ச் 20, வியாழன்

ராணி வந்து இறங்கினாள். நான் கண்டபோது அவள் ஒரு புகைப்படத்தில் இரட்டைப் பின்னலோடு பன்னிரண்டு வயது. இப்போது நாற்பத்தெட்டு, வங்கியில் அதிகாரி, வாய் ஓயாது. தயாபரனின் அதே நெற்றி. விமான நிலையத்தில் அதைப் பார்க்காமலிருக்க அவளுடைய பெட்டிச் சில்லுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன்.

"அண்ணா, என்னை அந்தப் பெட்டிக்குள்ள வச்சு இழுக்கேக்க வீடியோ எடுக்கக்கூடாது. இனத்துக்குள்ள தெரிஞ்சா என்ர மகளுக்குச் சம்பந்தம் வராது."

"பயப்படாதையும். நான் முன்னால, நீர் பின்னால. ஆக்கள் மாடும் வண்டிலும் எண்டுதான் நினைப்பினம்."

"மாடு ஆரெண்டு சொல்லத் தேவையில்ல" என்றாள் வதனி.

மார்ச் 22, சனி. ஹவ்நெஸ்

காலை பத்து மணி. நல்ல வெயில், காற்றில்லை. அப்படி ஒரு நாள் இந்த ஊரில் இருக்கும் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ராணியைப் போர்வையால் சுற்றித் தொட்டியில் வைத்துப் பட்டி பூட்டினேன்.

குன்றின் அடிக்கு வந்தோம். வீடு இப்போது வெள்ளை. முற்றத்தில் பிள்ளைகளின் ஊஞ்சல்.

"அண்ணா, இந்த வீடு அப்பவும் இருந்ததோ?"

என்னிடம் தயாராக ஒரு சொல் இருந்தது. முப்பத்தாறு வருடம் பழகிய சொல். வாயைத் திறந்தேன், "ஓம்" என்று வந்தது.

நிறுத்தினேன். திரும்பி நின்று, மார்ச் 9இல் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தேன். பெண், கோப்பை, படங்கு, பொலிஸ், கொழும்பு.

ராணி அழுதாள். கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தாள்.

"இதையோ இவ்வளவு நாளும் மறைச்சனீங்கள்? அவனைப் பிடிச்சுக் குடுக்கக்கூடாதெண்டுதானே அண்ணா. பத்தொன்பது வயசில எவ்வளவு யோசிச்சிருக்கிறியள்."

அதற்குப் பிறகு மிச்சத் தூரம் முழுக்கத் தொட்டி நூல் பிடித்த மாதிரி வந்தது. இரண்டு காலும் ஒரே அளவு. டூரிட் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். நான் ஒரு தடவையும் திரும்பி ராணியைப் பார்க்கவில்லை.

இடம் எனக்கு உடனே தெரிந்தது. பெரிய கல், காற்றுக்கு ஒதுக்காக ஒரு குழி. ராணி தொட்டியிலிருந்து இறங்கி, கல்லில் கை ஊன்றி நின்றாள். கொண்டுவந்த கற்கண்டைப் பனியில் வைத்தாள். பிறகு அவனிடம் பேசினாள், பக்கத்து அறையில் இருப்பவனிடம் பேசுவதுபோல.

"அண்ணா, உன்ர கூட்டாளி உன்னைக் காட்டிக்குடுக்கேல்லையடா. கடைசி வரைக்கும் காட்டிக்குடுக்கேல்ல. கேட்டியோ?"

இறங்கத் தொடங்கினோம். இறக்கத்தில் தொட்டியின் பாரம் முதுகில் வந்து தள்ளும். நான் முன்னால், அவள் பின்னால். அவளுடைய முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். பாதி இறக்கத்தில், முன்னால் கிடந்த பனியைப் பார்த்துச் சொன்னேன்.

"ராணி, கட்டையைக் கழற்றித் தரேக்க அவன் இன்னொண்டும் சொன்னவன். 'கீழ முதல் தெரியிற வீட்டில தட்டு. பிடிச்சா பிடிக்கட்டும், அனுப்பினா அனுப்பட்டும், எனக்குக் குளிருதடா' எண்டவன்."

இடது கட்டையில் ஏறி, வலதுக்கு மாறி, தொடர்ந்து சொன்னேன்.

"எனக்கு இங்க இருக்க விசா குடுத்த கடிதம் வந்து அப்ப நாலு நாள். சட்டைப் பைக்குள்ளதான் வச்சிருந்தனான். பொலிஸ் தேடுற ஆளை நான் ஒளிச்சுக் கூட்டிக்கொண்டு போனதெண்டு தெரிஞ்சா அதைப் பறிச்சிடுவாங்கள் எண்டு நினைச்சன். வேலியில நிண்டு அந்தப் பையைத் தொட்டுப் பாத்தனான். அவனைக் காப்பாத்த இல்ல, ராணி. அந்தக் கடிதத்தைத்தான்."

"நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். அவளே பட்டியைக் கழற்றி இறங்கினாள். என்னைத் தாண்டி நடந்தாள். முழங்கால் பழுதான மனுசி, கிராமம் வரை நான்கு கிலோமீற்றர், ஒவ்வொரு அடியிலும் கால் புதைந்தது. நான் வெறும் தொட்டியை இழுத்துக்கொண்டு ஐம்பது அடி பின்னால் போனேன். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் கிட்டப் போனேன். இரண்டு தடவையும் திரும்பிப் பாராமல் கையை உயர்த்தி, வரவேண்டாம் என்று காட்டினாள்.

மார்ச் 23, ஞாயிறு. ஹவ்நெஸ், விடுதி

காலைச் சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. பாணுக்கு வெண்ணெய் பூசினாள், கரை வரைக்கும், மிகக் கவனமாக.

"எனக்குச் சொன்னது எனக்காக இல்ல. உங்கட பாரம் இறங்கத்தான்" என்றாள். "சரி. இறக்கிட்டியள். நான் வாங்கிட்டன். இது அம்மாட்டப் போகக்கூடாது."

அம்மாவுக்கு எண்பத்து நான்கு. ராணியை அனுப்பியதே அவர்தானாம்.

"என்ர பிள்ளை தன்ர கட்டையைக் குடுத்து ஒரு உயிரைக் காப்பாத்தினவன் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அவ சாப்பிடுறா, நித்திரை கொள்ளுறா. உங்கட பேரில வருசா வருசம் அர்ச்சனை செய்யிறவ. தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"உங்களோட கதைக்க வேணுமாம். நம்பர் குடுத்திட்டன். என்ன கேட்டாலும் பழைய கதை. ஒரு சொல்லும் மாறக்கூடாது."

"ராணி, நீர் என்னை..."

"அதைக் கேக்காதேங்கோ." கடிகாரத்தைப் பார்த்தாள். "பிளேனுக்கு நேரமாகுது. என்ர பெட்டியை ஒருக்கா இறக்கித் தாங்கோ."

மார்ச் 27, வியாழன்

டூரிட் கேட்டார், தொட்டி நேராக வந்ததா என்று. வந்தது என்றேன். அடுத்த பனிக்காலத்துக்குப் புதிய கொப்பி வாங்கித் தருவாராம். நான் பகிடி ஒன்றும் விடாததால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 30, ஞாயிறு

பின்னேரம் நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கனடா இலக்கம். வதனி எடுத்து, என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"தம்பி, குகனோ? நான் தயாபரன்ர அம்மா கதைக்கிறன் ராசா."

குரல் மெலிசாக இருந்தது, ஆனால் தெளிவு. முதலில் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு வதனிக்கு எந்த ஊர் என்று கேட்டார். ராணியை நான் இடுப்பில் கட்டி இழுத்துப் போனதைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு இடுப்பு நோகிறதா, நோகாமலிருக்க நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசு என்றார். இனி ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கட்டுமா என்று கேட்டார். எடுங்கோ அம்மா என்றேன்.

பிறகு அதைக் கேட்டார்.

"அவள் ராணி ஒண்டும் வடிவாச் சொல்லுறாளில்ல. நீ சொல்லு ராசா. அங்க பக்கத்தில வீடு வாசல் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அம்மா" என்றேன். "ஒரு வீடும் இல்லை."

"அதுதானே" என்றார். "இருந்திருந்தா நீ தட்டாம விடுவியே."